வருகைப் பதிவில் போட்ட கையெழுத்து

மார்ச் 4
கருத்துக்கேட்புக் கூட்டம். சாயத் தொழிற்சாலை தன் கழிவுக் குழாயை எங்கள் தெரு வழியாகப் பதிக்கப்போகிறது. அதற்கு அரசாங்கம் நம் கருத்தைக் கேட்கிறதாம். நாற்காலி கம்பெனியுடையது, மைக் கம்பெனியுடையது, அதிகாரி வந்து இறங்கிய காரும் கம்பெனியுடையது. அரசாங்கச் சொத்தாக அங்கே இருந்தது ஒரு பேனா மட்டும்தான். விட்டேனா நான்? எழுந்து இருபது நிமிஷம் பிளந்துகட்டினேன். அதிகாரிக்கு வேர்த்து ஊற்றி, இரண்டு கர்ச்சீப் மாற்றினார். எட்டாவது படித்தவன் பேச்சா இது என்று பின்வரிசையில் ஒரே வியப்பு. வருகைப் பதிவில் முதல் கையெழுத்தும் என்னுடையதுதான், பெரிதாக.

மார்ச் 6
தங்கச்சி வீட்டுக் கிணற்று மோட்டாரைப் பிரித்தேன். இதுவரை ஒரு லட்சம் மோட்டாராவது பிரித்திருப்பேன். தண்ணீரைத் தள்ளும் பித்தளை விசிறி இப்படி அரித்துப் பார்த்ததில்லை. கை வைத்ததும் பிஸ்கட் மாதிரி உடைந்தது. இப்போது கம்பெனி ஓடையில் கழிவைத் திருட்டுத்தனமாக விடுவதற்கே இந்தக் கதி. குழாயும் வந்துவிட்டால்?
“இந்தத் தண்ணியத்தான் அண்ணா குடிக்கிறோம்” என்றாள்.
“அதான் அண்ணன் பேசியாச்சுல்ல” என்றேன்.

மார்ச் 15
தங்கச்சி மகள் வக்கீல். கூட்ட அறிக்கையின் நகலை வாங்கி வந்தாள். ‘வந்திருந்த நூற்று நாற்பது பேரும் திட்டத்தை வரவேற்றனர்.’ கீழே எங்கள் வருகைக் கையெழுத்துகள். தலைப்பு மட்டும் மாறியிருந்தது: ‘சம்மதம் தெரிவித்தோர்.’ முதலில் என் பெயர்!
அயோக்கியப் பயல்கள். திருடனாவது பூட்டை அவனே உடைப்பான். இவர்கள் நம்மையே திறக்கவைத்து, திறந்தது நீதான் என்று முத்திரையும் குத்தித் தருகிறார்கள்.

மார்ச் 16
வேலை ஓடவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடை. “கூண்டுப் புலி மாதிரி சுத்தாதீங்க, எனக்குத் தலை சுத்துது” என்றாள் மனைவி. புலி என்றாளே, அதுவரைக்கும் சரி.

மார்ச் 17
தங்கச்சி மகள் வழக்குப் போடப்போகிறாள். அதற்கு என் வாக்குமூலம் வேண்டுமாம்.
“மாமா, அந்த இருபது நிமிஷம் என்ன பேசினீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”
கர்ச்சீப் வரைக்கும் வந்துவிட்டேன்.
“ஒரு வரி பொய்னு காட்டிட்டாங்கன்னா மொத்தத்தையும் கிழிச்சுப் போட்டுருவாங்க மாமா. அம்மா கிணறும் அதோட போச்சு.”
நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். இந்த நோட்டில் நாலாம் தேதியைப் புரட்டினேன். எனக்கு நானே ஏன்டா கதை விட்டேன்? அவன் அறிக்கையில எழுதினதும் நான் இங்க எழுதினதும்— சே, அது வேற. வேறதானே?

மார்ச் 18
சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து நின்றேன், அவ்வளவுதான். “உக்காருங்க பெரியவரே, நேரமில்ல” என்றார் அதிகாரி. உட்கார்ந்துவிட்டேன். கம்பெனி டீயைக் குடித்தேன். வருகைப் பதிவு என்று நீட்டினார்கள், போட்டேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன். “பேசவே விடலையா? இதுதான் மாமா வேணும்” என்று அப்படியே எழுதிக்கொண்டாள். உடைந்த விசிறியையும் பையில் போட்டுக்கொண்டாள்.

மே 9
பழைய அறிக்கை செல்லாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. இன்று மறுபடியும் கூட்டம். மூன்று நிமிஷம் பேசினேன். குரல் நடுங்கியது. பதிவு எழுதுகிறவர் பேனாவை நீட்டினார்.
“முதல்ல படிச்சுக் காட்டுங்க.”
‘கிணற்று நீர் குறித்து ஐயம் எழுப்பினார்’ என்று எழுதியிருந்தார்.
“ஐயமெல்லாம் இல்லைங்க. விசிறி உடைஞ்சதுன்னு சொன்னேன். அதை எழுதுங்க.”
அடித்துவிட்டு எழுதினார். எழுதி முடிக்கும்வரை நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற தங்கச்சியும் அதையே கேட்டாள்: “எனக்கும் படிச்சுக் காட்டுங்க.”