மனோரமா பெல்காம் போய் வந்தது

பழவேற்காடு,
கார்த்திகை மாதம்.

சிரஞ்சீவி நீலமேகத்துக்கு உன் நைனா சுப்பராயலு எழுதுவது. நானும் உன் அம்மா பச்சையம்மாவும் உன் மனைவி மனோரமாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. அதனால் அந்தமானுக்குத் திரும்புகிற சின்னதம்பி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஏரியில் இந்த வருஷம் தண்ணீர் நன்றாக ஏறியிருக்கிறது. முகத்துவாரம் தானாகவே திறந்துகொண்டது. இறால் வரத்து பரவாயில்லை. ஏரியில் வலை கட்ட ஊர் முறை வைத்துக் கொடுக்கும் பாடு உன் பேரில்தான் இருக்கிறது. நீ வரும்வரை அப்பன் கட்டட்டும் என்று விட்டிருக்கிறார்கள். நீ வந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது.

சின்னதம்பி உன்னைப் பற்றிச் சொன்னான். போர்ட் பிளேரில் நல்ல படகு கிடைத்திருக்கிறதாம். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாயாம். மற்றதையும் சொன்னான். வலை காயப்போடுகிற இடத்தில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னான். நான் அதை வீட்டில் பேசவில்லை.

இப்போது எழுத வந்தது உன் பல்சர் வண்டி விஷயம். நீ போன பிறகு அது ஒரு மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. மனோரமா நண்டுக் கூடையோடு பொன்னேரி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் நாற்றம் அடிக்கிறது என்று பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வீடு வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தார்ப்பாயைப் பிரித்தாள். டச்சுக்காரன் கல்லறைப் பக்கத்து ரோட்டில் நாலைந்து தடவை விழுந்தாள். அப்புறம் விழவில்லை. இப்போது ஈரச் சாக்கு போட்டு நண்டுப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு தினமும் சென்னைக்கே போய் வருகிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து கும்பலாக பைக்கில் வந்து நண்டு வறுவல் தின்றுவிட்டுப் போகிறவர்களை நீ பார்த்திருப்பாய். அதில் ஜான் என்று ஒருவர், ரயில்வேயில் வேலை, ஐம்பது வயசு இருக்கும். பெட்டியோடு இவள் போவதை ரோட்டில் பல தடவை பார்த்திருக்கிறார். தை மாதம் அவர்கள் ஒரு ஓட்டம் வைத்திருக்கிறார்கள், நீயும் வாம்மா என்று கூப்பிட்டிருக்கிறார். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். சென்னையில் கிளம்பி, பெங்களூர் தாண்டி, பெல்காம் போய், அதே வழியில் திரும்புவது. போட்டி இல்லை. முந்தி வந்தவனுக்கும் பரிசு கிடையாது.

“முடிச்சா இன்னா குடுப்பாங்க?” என்று கேட்டேன். “ஒரு காயிதம் மாமா” என்றாள். “அதுக்கா இம்மா தூரம்?” என்றேன். “காயிதத்துக்கு இல்ல மாமா. நம்ப ஊட்லருந்து மெட்ராஸ் வரைக்கும் எனக்குத் தெரியும். அதுக்கு அப்பால எம்மா தூரம் போவேன்னு எனக்கே தெரியல. தெரிஞ்சிக்கினா போதும்” என்றாள்.

எனக்கு இதில் அபிப்பிராயம் ஒன்றும் இல்லை. பார்ப்பதை எழுதுகிறேன். முதலில் நெல்லூர் போய்த் திரும்பினாள். அடுத்து ஓங்கோல். ஓட்டுவது பெரிதில்லையாம், அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டமாம். ஓங்கோல் போய் வந்த அன்று மணிக்கட்டு வீங்கி, சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் தின்றாள். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள். சோறு தின்றால் கண் சொக்குகிறது என்று ஓட்டுகிற நாட்களில் கேழ்வரகுக் கூழும் பேரீச்சம்பழமும்தான். “கடல்ல ராவெல்லாம் எப்டி மாமா முழிச்சிருப்பீங்க?” என்று என்னைக் கேட்டாள். “யாரு முழிச்சிருந்தா? முறை வெச்சித் தூங்குவோம்” என்றேன்.

ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. தலைவர் தருமன் என்னைக் கூப்பிட்டு, “இன்னா சுப்பராயலு, மருமவ ராவோட ராவா வெளியூர் ஆம்பளைங்களோட ரோட்ல சுத்தப் போறாளாமே. புருசங்காரன் சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா எங்களுக்கு ஒண்ணுமில்ல. இல்லன்னா உங்க ஊட்டுப் பாட நிறுத்தறத தவிர வேற வழியில்ல” என்றார். சரி என்று நீ சொல்லிவிட்டால் எல்லோருக்கும் சுலபம். எனக்கு எழுது, அல்லது போன் செய்.

காற்று பார்த்துக் கடலுக்குப் போ.

உன் நைனா,
சுப்பராயலு


பழவேற்காடு,
மார்கழி மாதம்.

சிரஞ்சீவி நீலமேகத்துக்கு நைனா எழுதுவது. வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். இந்தத் தடவை தபாலில் போடுகிறேன்.

நீ போன் செய்தாய். எனக்கு இல்லை, தருமனுக்கு. ஆனி மாதத்திலிருந்து உன் குரலை நாங்கள் கேட்கவில்லை. கோயிலுக்கு முன்னால் ஊர்க்கூட்டம் போட்டு, நீ சொன்னதை அவர்தான் எல்லோருக்கும் சொன்னார். “நீலமேகம் பேசிட்டான். வண்டிய வித்துடணுமாம். பொம்பள ஊட்ல இருக்கணுமாம். அவ்ளோதான்.” உன் அம்மாவும் மனோரமாவும் பெண்கள் பக்கம் நின்றிருந்தார்கள். மனோரமா தலையைக் குனியவும் இல்லை, நிமிரவும் இல்லை. தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பவள் மாதிரி நின்றாள்.

நான் பேச வேண்டும் என்று எழவில்லை. நெடுநேரம் மணலில் உட்கார்ந்து முட்டி வலித்தது, எழுந்தேன். எழுந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதனால் பேசினேன். என்ன பேசினேன் என்பதை நீ மற்றவர்கள் வாயிலாகக் கேட்பதைவிட நானே எழுதிவிடுகிறேன்.

“எம் மவனுக்கு அந்தமான்ல வேற குடித்தனம் இருக்குது. ஒரு கொழந்தையும் இருக்குது. அவன் அங்க குடித்தனம் வெச்சதுக்கு இந்த ஊர்ல யார்னா உத்தரவு குடுத்தீங்களா? அவன் பேச்ச வெச்சி இவளக் கட்டிப்போடாதீங்க. பாடு வோணும்னா எடுத்துக்குங்க” என்றேன்.

பக்கத்துவீட்டுக் கங்காதரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். தருமன், ஊர்க் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான், இந்த வருஷம் பாடு நிறுத்தம் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லியிருப்பேன்.

உன் அம்மா நின்ற இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். மனோரமாதான் கையைப் பிடித்துத் தூக்கி வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

வீட்டில் நான் மனோரமாவிடம், உனக்கு இதை நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். “எனக்கு ஆடி மாசமே தெரியும் மாமா” என்றாள். “அவருக்குப் போன் போட்டேன். ஒரு பொம்பள எடுத்திச்சி. பின்னால கொழந்த அழுவுற சத்தம். ராங் நம்பர்னு சொல்லி வெச்சிட்டேன்.” ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா கட்டின குடும்பம் உடைஞ்சிபோச்சின்னு பாட நிறுத்திடுவாங்க. நீங்க இன்னா பண்ணுவீங்க, வேற தொழில் தெரியுமா?” என்றாள். சொல்லிவிட்டு உலையில் அரிசி போடப் போய்விட்டாள். எனக்கும் அவளுக்கும் அந்த விஷயத்தில் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

நான் இப்போது கங்காதரன் படகில் கூலிக்குப் போகிறேன். வேலை அதே வேலைதான். கரைக்கு வந்ததும் பங்கு பிரிக்கும்போது ஓரமாக நிற்க வேண்டியிருக்கிறது. அதுவும் பழகிவிடும்.

உன் அம்மா பல நாள் என்னோடு பேசவில்லை. மீன் காயவைத்தாள், சோறு போட்டாள், பேசவில்லை. ஒருநாள் பழைய மெத்தையைப் பிரித்து உள்ளே இருந்த ஸ்பாஞ்சை வெட்டி, தன் புடவைத் துணியில் உறை தைத்து, வண்டி சீட்டின் மேல் கட்டிவிட்டு உள்ளே போனாள். மனோரமா அதில் உட்கார்ந்து பார்த்தாள். உயரம் அதிகமாக இருக்கிறது, கால் எட்டவில்லை என்றாள். அம்மா திரும்ப வந்து, பிரித்து, கொஞ்சம் வெட்டிவிட்டு, மறுபடி தைத்தாள். அப்போதுதான், “இப்ப குந்திப் பாரு” என்று அவள் வாய் திறந்தது.

போன வாரம் விஜயவாடா போய் ஒரே மூச்சில் திரும்பினாள். அது பாதி தூரம் என்று ஜான் சொன்னார். வந்து இறங்கியவள் காலைத் தூக்கித் தாண்ட முடியாமல் வண்டியோடு சாய்ந்துவிட்டாள். நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். போதும், இதோடு விட்டுவிடு என்று அம்மா சொன்னாள். “இன்னும் பாதி இருக்குதே அத்த” என்றாள் இவள்.

ஊர் நடுவில் உன் விஷயத்தைச் சொன்னதில் உனக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். நான் சொன்னதில் பொய் ஏதாவது இருந்தால் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் நைனா,
சுப்பராயலு


பழவேற்காடு,
மாசி மாதம்.

சிரஞ்சீவி நீலமேகத்துக்கு நைனா எழுதுவது. உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. ஆனாலும் நடந்ததை எழுதிவிடுவது முறை என்று எழுதுகிறேன்.

மனோரமா பெல்காம் போய்த் திரும்பிவிட்டாள். கணக்கு நேரத்துக்குள் வந்துவிட்டாள். பன்னிரண்டு பேர் கிளம்பியதில் ஏழு பேர்தான் முடித்தார்களாம். பெண் இவள் ஒருத்திதான்.

அன்றைக்கு நான் கடலுக்குப் போகவில்லை. போனை உன் அம்மா மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அதை எடுத்துப் பேச அவளுக்குத் தெரியாது, என் கையிலும் கொடுக்கவில்லை. பெங்களூர் தாண்டியாயிற்று, பெல்காமில் திரும்பியாயிற்று என்று ஜானின் ஆள் ஒருவர் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். போன் அடிக்கும்போதெல்லாம் அம்மா திடுக்கிட்டு அதை என்னிடம் நீட்டுவாள். பேசி முடித்ததும் திரும்ப வாங்கிக்கொள்வாள்.

மனோரமா சொன்னதை எழுதுகிறேன். போகும்போது ஒன்றும் தெரியவில்லையாம். ஹூப்ளிக்கு அப்பால் காற்று பக்கவாட்டில் அடித்து வண்டியைத் தள்ளிக்கொண்டே இருந்ததாம். திரும்பி வரும்போது குளிர். சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டாளாம். ஒரு பெட்ரோல் பங்கில் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க விரல் மடங்கவில்லை. அங்கே வேலை செய்கிற ஒரு பெண் திறந்து வாயில் ஊற்றியிருக்கிறாள். பாஷை தெரியாது, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்களாம்.

சித்ரதுர்கா தாண்டி வரும்போது ரோடு முழுக்கத் தண்ணீராகத் தெரிந்திருக்கிறது. நம் ஏரி மாதிரியே, நடுவில் படகு போகிறது. தப்பு என்று மனசுக்குத் தெரிகிறதாம், கண் கேட்கவில்லையாம். வண்டியை ஓரம் கட்டி, ஒரு டீக்கடை பெஞ்சில் படுத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் எழுப்பச் சொல்லியிருக்கிறாள், கடைக்காரர் மறந்துவிட்டார். தானாக விழித்தபோது கூட வந்தவர்கள் எல்லோரும் முன்னே போய்விட்டார்கள். “அப்பதான் மாமா எனக்கு பயம் வந்துச்சி. முடியாம போயிடுமோன்னு இல்ல. முடியலன்னா இன்னொரு தடவை வர வோணுமேன்னு” என்றாள். மிச்ச தூரத்தை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லையாம். பூந்தமல்லியில் வந்து நின்றபோது கடைசியாக வந்தது இவள்தான். அன்று அங்கேயே ஜான் வீட்டில் தூங்கிவிட்டு, மறுநாள் வீட்டுக்கு வந்தாள்.

சந்தோஷமா என்று கேட்டேன். “இன்னும் போலாம் மாமா. ரோடுதான் முடிஞ்சிபோச்சி” என்றாள். அடுத்த நாள் வழக்கம்போல நண்டு வாங்க ஏரிக்கரைக்குப் போனாள். தருமன் எதிரில் வந்து, “போய் வந்துட்டியாம்மா?” என்று கேட்டாராம். போய் வந்துட்டேன் என்றாளாம். அவ்வளவுதான். பாடு நிறுத்தம் நிறுத்தம்தான்.

பத்து நாள் கழித்து எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, பொன்னேரியில் ஒரு அறை பார்த்திருப்பதாகச் சொன்னாள். தொழிலுக்கு அங்கிருந்து போவதுதான் வசதி என்றாள். தொழில் காரணம் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். போய் வா என்று நான்தான் முதலில் சொன்னேன். உன் அம்மா அரிசியும் கருவாடும் கட்டிக்கொடுத்தாள். கட்டும்போது இரண்டு தடவை பிரித்துக் கட்டினாள்.

இப்போது தினமும் விடிந்ததும் நண்டு வாங்க வருகிறாள். வாசலில் வண்டியை நிறுத்தாமலே, “அத்த, வரேன்” என்று குரல் கொடுத்துவிட்டுப் போவாள். சில நாள் இறங்கி ஒரு வாய் கூழ் குடிப்பாள். தாலியைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வண்டி உன்னுடையது, நீ கேட்டால் கொடுத்துவிடுவதாக உனக்கு எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். நீ கேட்காதே.

அவளுக்கு நீ ஒரு கடிதம் எழுத வேண்டும். எங்களுக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் பெற்றவர்கள், எங்கே போகப்போகிறோம். நடந்ததை நடந்தபடி அவளுக்கு எழுது. மன்னிப்பு கேள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் அதை ஊர்க்கூட்டத்தில் நின்று கேட்டாள், போனில் ஒரு குழந்தையின் அழுகையில் கேட்டாள். உன்னிடமிருந்து கேட்கவில்லை.

அந்தமானில் இந்த மாதம் கடல் அமைதியாக இருக்கும் என்று சின்னதம்பி சொல்லியிருக்கிறான். நீயும் உன்னோடு இருப்பவர்களும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்று அவன் சொல்லவில்லை, அன்றைக்கு எனக்குக் கேட்கவும் வாய் வரவில்லை. என்ன பேர் வைத்திருக்கிறீர்கள் என்று எழுது. உன் அம்மா இதைக் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், எழுந்து போகவில்லை.

உன் நைனா,
சுப்பராயலு