வெள்ளிக்கிழமை அட்டமி

அன்பு மகன் பிரியந்தனுக்கு, கனடா மில்லிக்கனில் இருந்து அப்பா சொல்லச் சொல்ல உன் தம்பி விதுர்சன் எழுதுவது. அப்பாவின் வலக்கைவிரலை வேலி வெட்டும் மெசின் பதம்பார்த்துவிட்டது, அதனால்தான் என் கையெழுத்து.

முதற்கண் ஓர் அறிவித்தல். எங்கள் வீட்டு ரைஸ் குக்கர் சென்ற செவ்வாய் காலை இறைபதம் அடைந்தது. மற்றபடி நாங்கள் சுகம், யாழ்ப்பாணத்தில் நீயும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறோம். உந்த விசர்க்கதையை விட்டுட்டு விசயத்தை எழுதடா என்கிறார் அப்பா.

விசயம் இதுதான் அண்ணா. அப்பா புல்லு வெட்டப் போகிற கம்பனி கோடை வேலைக்கு வெளிநாட்டிலிருந்து எடுக்கும் ஆட்களுக்கு அரசாங்கம் அளவு வைத்துவிட்டது, போன வருடம் பன்னிரண்டு பேர், இம்முறை மூன்றே பேர். இரண்டு இடம் வழமையாக வரும் மெக்சிக்கோக்காரருக்கு. மிச்சம் ஒன்று, பத்திரத்தை முதலில் தருகிறவருக்குத்தான் என்றார் முதலாளி. அதுவும் போய்விட்டது, வேறு யாரோ ஒருவரின் மைத்துனர் வருகிறாராம். வயது கூடிவிட்டதென்று, நாங்கள் குடும்பமாய்க் கனடா வந்த ஸ்பொன்சரில் உன் பெயரை வெட்டி எட்டு வருடம், இருந்த வழி இது ஒன்றுதான், இனி ஒன்றும் தெரியவில்லை என்பதை அப்படியே எழுதச் சொல்கிறார். போனில் சொன்னால் அம்மா அழுவா. விசா போய் எங்களுக்கு விசாரம்தான் மிச்சம்.

பத்திரம் நிரப்பியது நான், ஓர் எழுத்துப் பிழை கிடையாது. வெள்ளிக்கிழமை அட்டமி, தொட்டது துலங்காது, திங்கள் குடு என்று அம்மா மறித்தா. உடனே குடு என்றார் அப்பா. கனடாவில் அட்டமிக்கும் விசா இல்லை என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடம் விட்ட கையோடு சைக்கிளில் கொண்டுபோனேன். இப்போது அம்மா அப்பாவைத்தான் ஏசுகிறா. உனக்கு வாங்கிய வேலைச் சப்பாத்தை அம்மா இன்னும் வாசலில் இருந்து எடுக்கவில்லை. நீ விட்ட ஹாட்வெயார் கடை வேலையைத் திரும்பக் கேட்டுப் பாராம், வெளிநாடு அனுப்புகிற ஏஜென்சிக்காரர் பின்னால் போகாதேயாம், நேரத்துக்குச் சாப்பிடவேணுமாம். எங்கே இருந்தாலும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம் உனக்குக் காவல்.

அன்பு அப்பா,
ச. கனகசிங்கம்
(இடக்கையால் வைத்த கையெழுத்து)

அப்பா எழும்பிப் போய்விட்டார். அண்ணா, வெள்ளிக்கிழமை நான் கொடுக்கவில்லை. கம்பனிக் கந்தோர் வாசல்வரை போனேன். என்னுடைய காரியமென்றால் அட்டமியாவது நவமியாவது, இது உன்னுடையது, பயந்து திரும்பிவிட்டேன். திங்கள் காலை கொண்டுபோனபோது, வெள்ளி பின்னேரம் கந்தோர் பூட்டுகிற நேரம் அந்த இடம் போய்விட்டதென்று கந்தோரில் இருக்கும் வேரோனிக்கா சொன்னா. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.