ஏழின் மேல் எழுதிய பன்னிரண்டு

ஜூன் 14, சனி

காலையிலிருந்தே சாரல். ஷெட் தகரத்தில் சத்தம் விடவில்லை. இன்று முடிக்க வேண்டியது:

பின் ஜன்னல் ஷட்டர் மூன்று, கிரீஸ்.
டிரைவர் சீட் ரெக்சின்.
ஹாரன் ரப்பர்.
வைப்பர். இடது பக்கம் மட்டும் ஓடுகிறது.

வைப்பர் தவிர எல்லாம் முடிந்தது. நாலு மணிக்கு முதல் ஓட்டம். இலஞ்சி தாண்டிப் போய்த் திரும்பினோம். மாரியப்பன் படியில் தொங்கிக்கொண்டு விசில் அடித்தான். தகர வேலை, பெயின்ட் இரண்டும் அவன். இன்ஜின் வேலை நான். இரண்டு வருடம். ஷார்ஜாவில் பத்தொன்பது வருடம் பஸ் பார்த்தேன், ஒரு வண்டிக்கும் கண் கலங்கியதில்லை. இன்று கலங்கியது.

அடுத்த வாரம் ஞாயிறு, 22-ஆம் தேதி, குற்றாலத்தில் வண்டியை நிறுத்துகிறோம், ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜ் மைதானத்தில். லாட்ஜ்காரர் பலகையில் எழுத நாலு வரி கேட்டார். எழுதிப் பார்த்தேன்:

'மலையரசி மோட்டார்ஸ். தென்காசி, செங்கோட்டை, புளியறை. கம்பெனி மூடிய பின் மிஞ்சியவை இரண்டே பஸ்கள். ஏழாம் நம்பர், கடையநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் கிடந்தது. பன்னிரண்டாம் நம்பர், அதை ஓட்டிய டிரைவரே வாங்கி, அச்சன்புதூரில் தன் தென்னந்தோப்பில் வைத்திருந்தார்.'

அடுத்த வரி வரவில்லை. கிழித்துப் போட்டேன்.

ஜூன் 16, திங்கள்

வெயிலும் சாரலும் மாறி மாறி. பேட்டரி சார்ஜுக்குக் கொடுத்தாயிற்று. வைப்பர் மோட்டார் கிடைக்கவில்லை.

மதியம் மும்தாஜ் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "அச்சன்புதூர் கோமதி அக்கா போன் பண்ணுச்சு. ஞாயித்துக்கிழம குடும்பத்தோட வருதாம். பம்பாய்ல இருந்து தம்பி, மக, மருமவன் எல்லாரும். 'எங்க வீட்டு ஆளு வண்டிய ஓட வச்ச மவராசன்'னு உங்களச் சொல்லுது."

சோறு இறங்கவில்லை.

"என்ன, உப்பு கூடிட்டோ?"

இல்லை என்றேன்.

இதை யாரும் படிக்கப்போவதில்லை. உள்ளதை எழுதுகிறேன். கோமதி அக்கா அந்தப் பன்னிரண்டாம் நம்பர் டிரைவரின் மனைவி. அவர் இறந்து ஆறு வருடம். போன வருடம் வண்டியைக் கேட்டுப் போனேன். அக்கா விலையே பேசவில்லை. "அதெல்லாம் வேண்டாம் தம்பி. அவுக ஓட்டுன வண்டி. மறுபடி ரோட்டுல ஓடிச்சுன்னா போதும்."

"ஓடும் அக்கா" என்றேன். அப்போதே எனக்குத் தெரியும், ஓடப்போவது ஏழு. ஏழுக்குத்தான் பேப்பர் சரியாக இருந்தது, பாடி துருப்பிடிக்காமல் இருந்தது. எனக்கு வேண்டியது பன்னிரண்டின் உள்ளே இருந்த சாமான். இன்ஜின், கியர்பாக்ஸ், முன் ஆக்சில், ஸ்டீரிங், ஆறு ஷட்டர். கழற்றி ஏழில் மாட்டினேன். மிச்சத்தை மார்ச்சில் கேஸ் வைத்து அறுத்துக் காயலான் கடைக்கு ஏற்றிவிட்டேன். ஷெட்டில் இடம் இல்லை என்று மாரியப்பனிடம் சொன்னேன். பன்னிரண்டையும் காப்பாற்றியிருக்கலாம். இன்னும் ஒரு வருடம் ஆகியிருக்கும். இந்த சீசனுக்கே ஓட்டிக் காட்ட வேண்டும் என்று எனக்கு அவசரம்.

அறுத்த பிறகும் அக்கா இரண்டு தடவை போன் செய்தாள். "நம்ம வண்டி எப்படி இருக்கு தம்பி?"

"வேல நடக்குதுக்கா."

இரண்டு தடவையும் அதே பதில்.

ஜூன் 19, வியாழன்

நல்ல மழை. அருவியில் குளிக்கத் தடை என்று டீக்கடையில் பேச்சு.

மாரியப்பனிடம் கேட்டேவிட்டேன். வண்டி நெற்றியில் இருக்கிற ஏழாம் நம்பரை அழித்துவிட்டுப் பன்னிரண்டு எழுது என்று. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டான்.

"என்ன பாய் சொல்லுதீய?"

"ஞாயித்துக்கிழம ஒரு நா மட்டும். அந்தக்கா வருது."

"வந்தா நெசத்தச் சொல்லிருங்க."

"அத்தன பேரு முன்னால எப்படிலே சொல்ல?"

"அப்பம் இன்னைக்கே போய் அவிய வீட்ல வச்சுச் சொல்லுங்க. அச்சன்புதூர் என்ன அமெரிக்காவா? நான் எழுத மாட்டேன் பாய். ஏழாம் நம்பருக்கு நெத்தி எழுதுனவன் நான்."

கைகழுவிவிட்டுப் போய்விட்டான். நான் அச்சன்புதூர் போகவில்லை. பைக் சாவியை எடுத்தேன், மழையைப் பார்த்தேன், வைத்துவிட்டேன். மழை ஒரு சாக்கு.

ஜூன் 20, வெள்ளி

ஜும்மாவில் நின்றேன். என்ன ஓதினேன் என்று தெரியாது.

திரும்பி வந்து ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு நானே எழுதினேன். சிவப்பு வட்டத்தில் மஞ்சளில் பன்னிரண்டு. '1' நேராக வந்தது. '2'-இன் வயிறு கோணல். மூன்று தடவை துடைத்து எழுதியும் கோணல்தான். ரிஜிஸ்டர் நம்பர் பிளேட்டைத் தொடவில்லை. அந்த எண் அக்காவுக்கு நினைவிருக்காது என்று ஒரு கணக்கு. இப்படியெல்லாம் கணக்குப் போட எனக்கு வருகிறது.

நகத்தில் மஞ்சள். மும்தாஜ் பார்த்துவிட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

சாரல், நடுவில் நல்ல வெயில். கூட்டம். மாரியப்பன் வரவில்லை. போனையும் அணைத்து வைத்திருந்தான்.

பதினோரு மணிக்கு அக்கா ஒரு வேனில் வந்து இறங்கினாள். கூட இருபது பேர் இருக்கும். பட்டுச் சேலை. வண்டியைப் பார்த்ததும் கும்பிட்டாள். படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். சீட்டு சீட்டாகப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நடுவில் ஒரு இடத்தில் நின்றாள். கீழே பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது.

பம்பாய்த் தம்பி பின்னாலிருந்து சத்தமாக: "அத்தான் வண்டி அப்படியே இருக்கேக்கா! என்னக்கா?"

அக்கா சீட்டுக் கம்பியைத் தடவினாள். பிறகு, "ஆமாலே. அவுக வண்டிதான்."

உயிர் வந்தது எனக்கு. அதைத்தான் எழுதவே கூசுகிறது. சந்தோஷப்பட்டேன்.

எல்லாரையும் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகப் புளியறை வரை ஓட்டினேன். ரோட்டில் நின்றவர்கள் கை காட்டினார்கள். செக்போஸ்டுக்கு முன்னால் லாரிகளுக்கு நடுவே நிறுத்தி டீ. எல்லாரும் படம் எடுத்தார்கள். அக்காவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தும் எடுத்தார்கள். பம்பாய்த் தம்பி எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

போகும்போது அக்கா, "நல்லாருக்கு தம்பி" என்றாள்.

ஜூன் 23, திங்கள்

தலைவலி. ஷெட்டுக்குப் போகவில்லை. சால்வையை மடித்து அலமாரிக்கு மேலே போட்டேன்.

மும்தாஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில்: "என்கிட்ட சொல்லி என்ன செய்ய?"

ஜூன் 25, புதன்

அச்சன்புதூர். மழை இல்லை. வயலில் நாற்று நடுகிறார்கள்.

அக்கா முற்றத்தில் புளியைக் கொட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. நின்றபடியே, "அக்கா, ஞாயித்துக்கிழம நீங்க பாத்தது..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றாள்.

கை நிற்கவில்லை. புளியங்கொட்டை தனியாக, புளி தனியாக.

"அவுக போன பெறவு அந்த வண்டிக்குள்ளதான் புளி காயப் போட்டேன், தேங்கா போட்டு வச்சேன். நடுவுல, தரையில ஒரு பலக அவுக கையால அறுத்துப் போட்டது. சொரசொரன்னு இருக்கும். என் காலுக்குத் தெரியாதா? சரி, புதுப் பலக போட்டிருப்பான்னுதான் நெனச்சேன். பெறவு உன் மூஞ்சியப் பாத்தேன்."

"அங்கயே கேட்டிருக்கலாமேக்கா."

"அத்தன சனம். நீ வேர்த்துப்போய் நிக்க. கேட்டா நீ எங்கன போவ?" முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "உனக்காவ என் தம்பிகிட்ட பொய் சொன்னேன். அவுக பேரச் சொல்லி. இந்த வயசுல. நீயாவது பயந்து சொன்ன. நான் தெரிஞ்சே சொன்னேன் பாரு."

காலைப் பிடிக்கலாம் போல இருந்தது. அதுவும் நடிப்பாகத் தெரியும் என்று நின்றேன்.

"மிச்ச வண்டிய எங்க வச்சிருக்க?"

அதை அவள் கேட்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. காயலான் கடை என்றேன். எப்போது என்றாள். மார்ச் என்றேன்.

"நான் போன் பண்ணும்போதெல்லாம்?"

"ஆமாக்கா."

உடைத்த புளியைப் பெட்டியில் அள்ளிப்போட்டாள். ரொம்ப நேரம் அள்ளினாள். பிறகு: "தம்பி திங்கக்கிழம பம்பாய் போறான். ஞாயித்துக்கிழம எல்லாரும் இங்கன இருப்பாவ. வந்து நீயே சொல்லு. நான் சொல்லமாட்டேன்."

டீ தரவில்லை. எப்போது போனாலும் தருவாள்.

ஜூன் 26, வியாழன்

வண்டி நிற்கிற லாட்ஜ் மைதானத்துக்கு மாரியப்பன் வந்தான். ஒன்றும் கேட்காமல் ஏணியை எடுத்துப் போட்டுத் தின்னரில் துணியை நனைத்தான். "நான் அழிக்கேன்" என்றேன். துணியைக் கொடுத்தான். நான் அழித்த பிறகு அவன் ஏழு எழுதினான், ஒரே இழுப்பில்.

சாயங்காலம் லாட்ஜ்காரர் போன்: பன்னிரண்டு எப்படி ஏழாச்சு, சனங்க கேக்குதாங்க. அவரிடமும் உள்ளதைச் சொன்னேன். "இத எதுக்கு வெளிய சொல்லிக்கிட்டு?" என்றார்.

ஜூன் 29, ஞாயிறு

அச்சன்புதூர். பைக்கில்தான் போனேன். பஸ்ஸைக் கொண்டுபோகவில்லை.

வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். "வாங்க பாய், வாங்க" என்று பம்பாய்த் தம்பி எழுந்து நாற்காலி போட்டார். நின்றுகொண்டே சொன்னேன். பன்னிரண்டைப் பிரித்தது, அறுத்தது, ஏழின் மேல் பன்னிரண்டு எழுதியது. அக்காவுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு பொய்யை மட்டும் வைத்துக்கொண்டேன். அக்கா உடனே, "எனக்குத் தெரியும்லே. உள்ள நடந்தப்பவே தெரிஞ்சுட்டு" என்றாள். அவள் பங்குப் பழியையும் நானே ஏற்றுக்கொள்ள அவள் விடவில்லை.

தம்பி கத்தினார். "சால்வ போட்டேனேவே உமக்கு! எங்க அத்தான் வண்டிய வெட்டி வித்தவனுக்கு!" சட்டையைப் பிடிக்க வந்தார். மருமகன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். பிடிக்காமல் விட்டிருக்கலாம்.

சால்வையைப் பையிலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்தேன். யாரும் எடுக்கவில்லை.

மகள் போனை எடுத்தாள். 'அப்பா வண்டி' என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பியிருந்தாளாம். ஒவ்வொரு படமாக அழித்தாள். நான் பார்க்கிற மாதிரிதான் அழித்தாள். வண்டியின் முன்பக்கம், புளியறை டீக்கடை, கை காட்டுகிற சனங்கள். பிறகு விரல் நின்றது. போனை அம்மாவிடம் நீட்டினாள். அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்துச் சிரிக்கிற படம்.

"இதையுமாம்மா?"

அக்கா வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ஸ்டீரிங் அவுகளதுதானே?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆமாக்கா."

"அது கெடக்கட்டும்ட்டி. அழிக்காத."

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது எனக்கும் தெரிந்தது. படத்தில் அக்காவுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் நிற்கிறேன். சிரிக்கிறேன்.