நசுங்கின தட்டு இருபது

மார்ச் 3
வறுமையைப் பற்றிப் படம் எடுக்கிறாராம் ஓர் இயக்குநர். என் பாத்திரக் கடைக்கு வந்து, "நசுங்கின அலுமினியத் தட்டு இருபது வேணும்" என்றார். என்னிடம் இருப்பதெல்லாம் புதுசு. "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டு, சுத்தியலால் நசுக்கச் சொன்னேன். புதுத் தட்டைவிட விலை கூடுதல். வறுமை மலிவு என்று யார் சொன்னது?

மார்ச் 4
தட்டுகளை நசுக்கியது என் கூடப் பிறந்த அக்கா. கிடங்கில் பாத்திரங்களுக்கு மூடி பொருத்தி வைப்பது அவள் வேலை. இயக்குநர் அவளைப் பார்த்ததும், "இவங்கதான் என் படத்துல அம்மா!" என்று குதித்தார்.
ஆட்கள் முன்னால் என்னை 'முதலாளி' என்பாள். தனியாக இருந்தால் 'தம்பி'. நான் செய்த ஏற்பாடுதான். கடை நடக்க வேண்டாமா?

மார்ச் 19
படப்பிடிப்பு பார்க்கப் போனேன். ஏழைப் பையன் ஏசி காரில் வந்து இறங்கினான். கன்னத்தில் அழுக்குப் பூச ஓர் ஆள், குடை பிடிக்க ஓர் ஆள்.
அக்கா இயக்குநரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பணக்காரங்க வீட்டுப் பிறந்தநாள்ல வெடிச்ச பலூன் துண்டைப் பொறுக்கிட்டு வருவோம். உறிஞ்சி குட்டி பலூன் பண்ணி, என் தம்பி நெத்தியில உடைப்பேன். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும்."
"ஏழைங்க இவ்ளோ சிரிச்சா யாரும் நம்ப மாட்டாங்கம்மா. நீங்க அழுங்க."
அந்த நெற்றி என்னுடையது என்று நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 22
மகளுக்குப் பெரிய இடத்துச் சம்பந்தம் கூடிவருகிறது. மூன்று தலைமுறை வியாபாரக் குடும்பம் என்று தரகரிடம் அளந்துவிட்டிருக்கிறேன். கூடப் பிறந்தவர்கள்? யாருமில்லை.

ஜூலை 8
படம் வெளியானது. அரங்கில் மொத்தம் பதினோரு பேர். அதில் நானும் மனைவியும், மாப்பிள்ளையின் அப்பா அம்மாவும். "ஏழைங்க படம்னா எங்களுக்கு உசுரு" என்று அவர்களே வந்தார்கள். அக்கா கடைசி வரிசையில்.
திரையில் அவள் அந்தப் பையன் தலையைத் தடவி, "சாப்பிட்டியா தம்பி?" என்றாள். சம்பந்தியம்மா தேம்பித் தேம்பி அழுதார். விளக்கு போட்டதும், "என்னமா நடிச்சிருக்காங்க! உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார்.
அக்கா எங்களுக்கு நேர் பின்னால் வந்து நின்றிருந்தாள்.
"நம்ம கடையில வேலை பாக்குறவங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. தானாகவா?

ஜூலை 9
சம்பந்தம் முடிவாகிவிட்டது.

ஜூலை 10
மத்தியானம் கிடங்குக்குப் போனேன். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்கா மட்டும் மூடி பொருத்திக்கொண்டிருந்தாள்.
"அக்கா, கல்யாணத்துக்கு உனக்குப் பொடவை..."
நிமிரவில்லை. "ரெண்டு மூடி குறையுது முதலாளி" என்றாள்.
திரும்பிப் பார்த்தேன். வேறு யாருமில்லை.