குழாயை எடுக்கும் நாள்

அன்புள்ள மகனுக்கு,

எழுத நினைத்தவை: 1. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. 2. உள்ளே ஒரு குழாய் இருக்கிறது. 3. நீ வரத் தேவையில்லை.

சிறுநீரக அடைப்பைச் சிறு துளைகள் வழியாகவே சரிசெய்துவிட்டார்கள். தையல் ஆறும்வரை சிறுநீர் தடையின்றி இறங்குவதற்காக அந்தக் குழாய். நழுவாமல் இருக்க அதன் இரு முனைகளும் சுருண்டிருக்குமாம். சில வாரங்களில் எடுத்துவிட வேண்டும்.

"வலி போனதும் மறந்துடுவீங்க தாத்தா. அப்புறம் அது மேலயே கல்லு படிஞ்சிடும். ஞாபகப்படுத்தி கூட்டிட்டு வர வீட்டுல யாரு?" என்று செவிலியர் கேட்டார்.

நாம் பேசிக்கொள்வதில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உன் எண்ணைக் கொடுத்துவிட்டேன்.

"பையன் வருவாரா?"

"அவனா? கூப்பிட்டா ஓடி வந்துடுவான் சிஸ்டர்."

அழைத்தால் கோபப்படாதே, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு.

இப்படிக்கு,
அப்பா