செல்லசாமி பேரில் முங்கியவன்

கல்லாற்றுத் தோட்டம்,
அட்டன்.
3.2.1958

அன்புள்ள மரியநாயகிக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். கட்டின உன்னை மூன்று வருஷம் விட்டுவிட்டு மன்னாரில் கிடந்தவனுக்குக் கடிதம் எழுத என்ன முகம் என்று கேட்பாய். கேள், பரவாயில்லை. இன்று நல்ல சேதி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை தேயிலைக்கு மருந்தடிக்க வந்த ஹெலிகொப்டர், எஞ்சின் நின்று எங்கள் அணைக்கட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டது. ஓட்டி வந்த வெள்ளைக்காரர் நீந்திக் கரையேறிவிட்டார். மெஷின் கொஞ்ச நேரம் மிதந்து, ஒரு பக்கம் சாய்ந்து மூழ்கிற்று. கொழும்பிலிருந்து முங்குகிற ஆட்கள் வர இரண்டு வாரம் ஆகுமாம். அதற்குள் சேற்றில் புதைந்துவிடுமாம். இன்று காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்ததும் கணக்கப்பிள்ளை, "தண்ணிக்குள்ள முங்கத் தெரிஞ்சவன் எவன்டா?" என்று கேட்டார். தேயிலை மலையில் எவனுக்குத் தெரியும்? நான் கை தூக்கினேன். மன்னாரில் சங்கு குளித்து நான் கற்று வந்தது அது ஒன்றுதான்.

என் பேர்தான் தோட்டத்து ஆட்களின் பேர் எழுதும் செக்ரோல் புத்தகத்தில் இல்லையே. இங்கே பேர் பதிந்த ஆளான செல்லசாமியின் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில்தான், ஒண்டியிருக்கிறேன். அவனுக்கு நெஞ்சு நோவு. எழும்ப முடியாத நாளில் அவன் பேரில் நான் வேலைக்குப் போவேன். இங்கே அது வழக்கம்தான், கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். அதனால் முங்குகிற ஆள் செல்லசாமி என்றே எழுதிக்கொண்டார். மெஷின் கரையேறினால், முங்கினவனுக்கு அணைக்கட்டுப் படகில் நிரந்தர வேலையும் கரையில் இரண்டு அறை வீடும் தருவதாகத் துரை சொல்லியிருக்கிறார். நீ வந்துவிடலாம்.

உன்
இராயப்பன்


அக்கரப்பத்தனை,
7.2.1958

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. திரும்பத் திரும்பப் படித்தேன் என்று எழுதமாட்டேன், உங்களுக்குத் தலைக்கனம் ஏறும்.

அப்பா இந்தியாவுக்குப் போக முடிவு செய்துவிட்டார். பிரஜாவுரிமை விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். 26ஆம் தேதி ரயில், பிறகு தலைமன்னாரில் கப்பல். என்னையும் கூட்டிப் போகிறார். "அவனுக்குன்னு ஒரு வேல, ஒரு வீடு இருந்தா ஒன்னய விட்டுட்டுப் போறேன். இன்னொருத்தன் காம்பராவுல ஒண்டிக் கெடக்குறவங்கிட்ட எப்புடிப் புள்ளைய விடுறது?" என்கிறார். தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அடுத்தவன் பேரில் புல் வெட்டுவது வேறு, இது வேறு. முங்குவதற்கு முன்னாலேயே துரையிடம் உங்கள் பேரைச் சொல்லிவிடுங்கள். ஆழம் அதிகமா? உங்களுக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றுகிறேன்.

இப்படிக்கு, உங்கள்
மரியநாயகி


கல்லாற்றுத் தோட்டம்,
13.2.1958

அன்புள்ள மரியநாயகிக்கு,

மெஷின் கரையேறிவிட்டது. அதற்கு மூன்று நாள் பிடித்தது. முதல் நாள் வாலில் கயிறு கட்டச் சொன்னார்கள். அறுபது பேர் தேர் இழுப்பதுபோல் கரையிலிருந்து இழுத்ததில் வால் மடங்கிவிட்டது. வெள்ளைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு மணலில் படம் போட்டுக் காட்டினார். மேலே இருக்கும் விசிறிக்குக் கீழே ஒரு தண்டு, கயிறு அங்கே. வயிற்றின் இரண்டு பக்கமும் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்கள். கட்டின பிறகு குழாய் வழியாக அவற்றில் காற்றடிப்பார்கள். இருபதடி ஆழம், கண் தெரியாது, தடவித் தடவித்தான் கட்டினேன். குளிரில் விரல் மடங்காமல் முடிச்சைப் பல்லால் இறுக்கினேன். மூன்றாம் நாள் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கி, விசிறி வெளியே தெரிந்தது. எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன்.

வெள்ளைக்காரர் அன்றைக்கே கொழும்புக்குப் போய்விட்டார். நேற்றுத்தான் துரை பெரட்டுக்கு வந்து, "செல்லசாமி யாரு?" என்று கேட்டார். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். அதற்குள் கணக்கப்பிள்ளை செல்லசாமியைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார். பேர் மாற்றி எழுதினது வெளியே வரக்கூடாதே அவருக்கு. அவனும் போனான். துரைக்கு எங்கள் முகமெல்லாம் எங்கே தெரியும்? வேலையும் வீடும் அவனுக்கு. தண்ணீரைக் கண்டாலே பயந்து கும்பிடுகிறவன் அவன்!

அவன் பெண்சாதி அழகம்மா என் காலைப் பிடித்துக்கொண்டாள். "நெஞ்சு நோவுக்காரன்னு இந்த மாசம் அவருக்குப் பத்துச்சீட்டு குடுத்து வெளிய அனுப்ப இருந்தாங்கண்ணே. நாலு புள்ளைங்கள வச்சிக்கிட்டு நாங்க எங்க போவோம்?" அவளைத் தூக்கி நிறுத்தினேன். நீயே சொல், நான் என்ன செய்யட்டும்?

இராயப்பன்


அக்கரப்பத்தனை,
18.2.1958

அன்புள்ள மச்சானுக்கு,

அழகம்மாவை நினைத்து நானும் அழுதேன். ஆனால் அவளுக்கு நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கு யார் இருக்கிறார்கள்? தண்ணீருக்குள் மூச்சை அடக்கினீர்கள், சரி. வெளியே வந்த பிறகும் ஏன் வாயைத் திறக்கவில்லை? மன்னாருக்குப் போனபோதும் இப்படித்தான் ஒரு வார்த்தை சொல்லாமல் போனீர்கள். எனக்குக் கோபம் கோபமாய் வருகிறது.

துரையிடம் போங்கள். வேலையை உங்கள் பேரில் வாங்கிக்கொண்டு, அவர்களையும் நம்மோடு வைத்துக்கொள்வோம். இரண்டு அறை இருக்கிறதே, போதும்.

26ஆம் தேதி எங்கள் ரயில் அட்டனில் நிற்கும். வேலை கிடைத்துவிட்டால் வாருங்கள், நான் இறங்கிவிடுவேன். கிடைக்காவிட்டால் ஸ்டேஷன் பக்கமே வராதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் கப்பல் ஏற முடியாது.

உங்கள்
மரியநாயகி


கல்லாற்றுத் தோட்டம்,
27.2.1958

அன்புள்ள மரியநாயகிக்கு,

மாமாவின் முசிறி விலாசத்துக்கு இதை அனுப்புகிறேன். நீ ஊர் போய்ச் சேரும்போது இதுவும் வந்து சேரலாம்.

துரையின் ஆபீசுக்குப் போனேன். செல்லசாமியையும் கூப்பிட்டார்கள். அவன் பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். "முங்கினது யாரு?" என்று துரை நேராக என்னைத்தான் கேட்டார். "செல்லசாமிதாங்க தொரை" என்றேன். பிள்ளைகளுக்காகச் சொன்னேன் என்று எழுதினால் அது பாதிப் பொய். துரைக்கு முன்னால் நின்றதும் உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நாளை முதல் படகை நான் ஓட்டப் போகிறேன், அவன் பேரில்.

நேற்று ஸ்டேஷனுக்கு வந்தேன். நீ வராதே என்றாய், என்னால் இருக்க முடியவில்லை. பார்சல் ஷெட்டுக்குப் பின்னால் நின்றேன். நீ தலையை வெளியே நீட்டி மேடை முழுக்கத் தேடினாய். பிறகு இறங்கினாய். தகரப் பெட்டியையும் இழுத்துக் கீழே இறக்கினாய். மாமா உள்ளேயிருந்து கத்தினார். வேலை கிடைத்ததா இல்லையா என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. அப்படியும் பெட்டியை இறக்கிவிட்டாய். கூப்பிடு தூரம்தான், மரியநாயகி. நான் கூப்பிடவில்லை.

விசில் ஊதியதும் நீயே அதைத் திரும்ப ஏற்றினாய். கனமாக இருந்திருக்க வேண்டும். முதல் தடவை தூக்க முடியாமல் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் தூக்கினாய்.

இராயப்பன்