மாமன் அழிக்கச் சொன்ன படம்

மரக்காணம்
14.3.2006

அன்பு மகள் கீதாஞ்சலிக்கு அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதக் கை வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், பூனாவில் நீ நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே போதும். அப்பா வரப்பில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று போனில் சொன்னது பொய். உன் மாமன் சகாதேவன்தான் அடித்தான். என் கூடப் பிறந்தவன், கடப்பாரையால் அடித்தான்.

நம் உப்பளத்துக்கு வரும் வாய்க்காலை மண்மூட்டை போட்டு அடைத்து, தண்ணீரையெல்லாம் தன் பாத்திக்குத் திருப்பிக்கொண்டான் என்று முன்பே சொன்னேனே. அப்பா அந்த மூட்டைகளைத் தூக்கிப் போட்டார். அதற்குப் பழிவாங்க அவன் முதல் உப்பு வாரும் பூசை அன்று பார்த்து வந்தான். சூடம் எரிகிறது, தம்பி கௌதமன் நீ அனுப்பிய கேமராவில் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறான், இவன் இரண்டு ஆட்களோடு வந்து படையலை எட்டி உதைத்தான். அப்பா ஏம்பா என்று கேட்டு முடிப்பதற்குள் இடது கையில் ஒரு போடு. எலும்பு முறிந்த சத்தம் என் காதில் விழுந்தது. கீழே விழுந்தவரை வாயிலேயே மிதித்தான், முன்பல் போய்விட்டது. வாரி வைத்த புது உப்பெல்லாம் ரத்தம். நான் உப்பு வாரும் பலகையை எடுத்து அவன் முதுகில் சாத்தினேன், இன்னும் நன்றாகச் சாத்தியிருக்க வேண்டும், அதற்குள் ஓர் ஆள் என் முடியைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டான். பாவி, சகாதேவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான்.

நான் அப்பாவோடு பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்தபோது தம்பி அந்த வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறான். அவன் படம் பிடித்ததை மாமனின் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றே சகாதேவன் அருவாளோடு வந்து தம்பியின் கழுத்தில் வைத்து, படத்த அழிடா, இல்லன்னா உன்னையும் பொட்டியையும் சேத்து ஒடச்சிடுவேன் என்றான். பிள்ளை கேமராவில் இருந்ததை அழித்தான், கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தான். அப்படியும் நம்பாமல் மாமன் என் அடுப்படியிலிருந்து உப்பை அள்ளி வந்து அவன் கையில் வைத்து, இனிமே இந்தக் கையால அந்தப் படத்தத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினான். உப்பைப் பிடித்துச் சொன்ன சொல்லை மீறினால் பாத்தியில் உப்பு விளையாது என்பதுதானே நம் ஆட்களின் நம்பிக்கை. அதை நம்பித்தான் கம்ப்யூட்டரை உடைக்காமல் போனான்.

அவன் போனதும் தம்பி, கம்ப்யூட்டரில் இடம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்தான். டிஸ்க் நிறைந்துவிட்டது, வேண்டாததை அழித்துவிட்டு இடத்தைப் பாருங்கள் என்று ஒவ்வொரு போனிலும் நீ படிக்கிற பாட்டு, அந்தப் பழக்கம். இடம் கொஞ்சமும் கூடவில்லை. அழித்தது கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியில்தான் கிடக்கும், அதையும் காலி செய்தால்தான் போகும் என்றான். அப்படியானால் எடுடா என்றேன். உப்பப் புடிச்சி சொல்லிட்டேன்மா என்று எழுந்து விலகிக்கொண்டான். நான் சத்தியம் செய்யவில்லையே என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். மவுஸை நான் அன்றுவரை தொட்டதில்லை. அவன் எட்ட நின்று சொல்லச் சொல்ல நானே அமுக்கி அமுக்கி வீடியோவை வெளியே எடுத்தேன். போலீசில் கொடுக்க சிடி போட வேண்டுமே, அதற்கும் டிஸ்கில் இடம் வேண்டுமாம். தம்பியின் சண்டைப் படம், பாட்டு எல்லாம் போயிற்று, அப்போதும் போதவில்லை. பெரிதாக மிஞ்சியது உன் நிச்சயதார்த்த வீடியோ ஒன்றுதான், வேறு காப்பியும் கிடையாது. அப்பா கட்டுப் போட்ட கையோடு எழுந்து வந்து, வேணாம், பொண்ணு ஆசையா வெச்சிருக்குது, கல்யாணத்துக்குத் தாய்மாமன் வேணும், உன் தம்பிய மன்னிச்சி விட்டுடு என்றார். மிதித்த காலுக்கு மன்னிப்பாம். நான் அந்த வீடியோவை ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். அதில் சகாதேவன் உன் கழுத்தில் மாலை போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். எனக்கும் அழுகை முட்டியது. இருந்தும் அழித்தேன், குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான், திட்டுவதென்றால் திட்டு.

சிடியை நானே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நேற்றுக் காலையில் அவனைப் பிடித்துப் போனார்கள். அவன் பெண்டாட்டி ஞானாம்பாள் நம் வாசலில் மண்ணை வாரித் தூற்றி, உன் பொண்ணுக்கு இனிமே மாலை எடுத்துக் குடுக்க எவன் இருக்கான் என்று கத்தினாள். விளக்குமாற்றோடு பாய்ந்தேன், தம்பி குறுக்கே விழுந்து பிடித்துக்கொண்டான்.

பதறிக்கொண்டு வேலையை விட்டு ஓடி வராதே. வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளை வீட்டாரிடம் நடந்ததை நீயே சொல்லிவிடு, மறந்துவிடாதே, மறைத்துச் செய்கிற கல்யாணம் நமக்கு வேண்டாம். அம்மன் உனக்கு நீண்ட ஆயுசும் குறையாத தைரியமும் கொடுக்கட்டும். வைகாசியில் மணவறையில் தாய்மாமன் எங்கே என்று ஐயர் கூப்பிடுவார், ஊரே உன் முகத்தைப் பார்க்கும். நீ தலையைக் குனியாதே. மாலையை எடுத்துக்கொண்டு நான் வருவேன்.

உன்னைப் பெற்றவள்
சாலம்மாள்